சீருடையும் நியாயமும்: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வலிகாமத்தில் உள்ள ஒரு கலவன் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் பக்கத்தில் இருக்கிறேன். மகனும் மகளும் அங்கேதான் படிக்கிறார்கள். கூட்டத்தில் கட்டிடம், தண்ணீர்த் தாங்கி, விளையாட்டுப் போட்டி என்று பேசுவோம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் தாய்மார் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் உடுப்பு விஷயமாகத்தான் இருக்கும். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

யூனிபோம் எண்டா எல்லாருக்கும் ஒண்டுதானே. இதில எங்க பெடியன், பெட்டை எண்ட வித்தியாசம்?

வெள்ளைத் துணி இருவருக்கும் பொதுதான். விதிகள்தான் வேறு. பிள்ளையின் மாணவர் கையேட்டை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பையன்களுக்குச் சேட்டைக் காற்சட்டைக்குள் விடு, தலைமுடியைக் கட்டையாக வெட்டு, தாடி மீசையை மழி, சப்பாத்துப் போடு என்பதோடு அநேகமாக முடிந்துவிடும். பெண்பிள்ளைகளின் பகுதியில் சட்டையின் நீளம், கழுத்து வெட்டு, கையின் அளவு, உள்சட்டை, இரட்டைப் பின்னல், ரிப்பனின் நிறம், தோட்டின் அளவு, நகம், பொட்டு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

பட்டியல் நீளமாக இருப்பதால் மட்டும் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு விதியையும் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பேன். இது எதற்காக? பிள்ளையை எதைச் செய்யவிடாமல் மறிக்கிறது? இதை யார், எப்படிப் பரிசோதிக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு பதிலும் பெண்பிள்ளைக்கு வேறொரு பதிலும் வந்தால் அங்கே பாகுபாடு இருக்கிறது.

அப்ப யூனிபோமே வேண்டாம் எண்டு சொல்லுறீங்களோ?

இல்லவே இல்லை. யார் எதை உடுக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த மண் இது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது, ஆண்கள் தோளில் சால்வை போடக்கூடாது என்று தடுத்து அடித்திருக்கிறார்கள். 1930 வாக்கில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் சமமாக இருந்து படிக்கட்டும் என்று உத்தரவு வந்தபோது பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் டொக்டரின் பிள்ளையும் ஒரே வெள்ளையில் வரிசையில் நிற்பது பெரிய விஷயம். 1993 இல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. நெருக்கடியால் அரசிடம் பணம் இல்லாமல் போன பிறகும் அந்தத் திட்டம் நிற்கவில்லை. 2025 ஆம் ஆண்டுக்கான முழுத் துணியும் சீனாவின் நன்கொடையாக வந்தது.

ஆகவே சீருடை இருக்கட்டும். சமத்துவத்துக்கென்று கொண்டுவந்த உடுப்பு பிள்ளைகளிலே பாதிப் பேரை மட்டும் கூடுதலாகக் கட்டிப்போடுகிறதா என்பதுதான் கேள்வி.

உந்த விதியள் எல்லாம் ஆர் போடுறது? கொழும்போ, அதிபரோ?

துணியும் நிறமும் பொதுவான அமைப்பும் கல்வி அமைச்சிலிருந்து வருகின்றன. நம் வீட்டில் சண்டை வரும் விஷயங்களான ரிப்பன், ரை, பின்னல், சப்பாத்தின் நிறம், தோடு எல்லாம் பெரும்பாலும் அந்தந்தப் பாடசாலையின் வழக்கம். சிலது எழுதப்பட்ட விதிகூட இல்லை, பழைய அதிபர் ஒருவர் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது.

இது நல்ல செய்தி. பாடசாலை போட்ட விதியைப் பாடசாலையே மாற்றலாம், கொழும்புக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வெள்ளைச் சட்டை வடிவாத்தானே இருக்கு. பிள்ளைக்கு அதில என்ன கஷ்டம்?

வடிவுதான். ஆனால் மாதவிடாய் வரும் பிள்ளைக்கு மாதத்தில் நாலைந்து நாள் அந்த வெள்ளை பெரும் பயம். அந்த நாட்களில் வகுப்பைக் கவனித்துப் பாருங்கள். ஒருத்தி கதிரையின் நுனியில் இருப்பாள். கரும்பலகையில் கணக்குச் செய்ய ரீச்சர் கூப்பிட்டால், விடை தெரிந்தும் தெரியாது என்பாள். மணி அடித்ததும் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து, சிநேகிதியைப் பின்னால் நடக்கவிட்டு, புத்தகப் பையைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு போவாள். பையனும் வெள்ளைதான் போடுகிறான். ஆனால் பத்தாம் வகுப்பு வரை அவனுக்குக் கீழே நீலக் காற்சட்டை. வெள்ளைக் காற்சட்டைக்கு மாறிய பிறகும் அவனுக்கு இந்தப் பயம் கிடையாது.

2024 இல் அரசாங்கம் சுமார் 8 இலட்சம் மாணவிகளுக்கு அணையாடை வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய விஷயம். அதே அரசாங்கம் கொடுக்கும் துணியின் நிறமும் அந்தப் பிள்ளையின் பயத்தில் பாதி என்பதை யாராவது பேச வேண்டும். பெண்பிள்ளைக்குக் கீழ்ப்பகுதி மட்டுமாவது கடும் நிறத்தில் இருந்தால் எவ்வளவோ நிம்மதி. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணில் வெள்ளைத் துணியை ஊறப்போட்டுத் தேய்த்து, நீலம் போட்டு எடுக்கும் தாய்மாருக்கும்தான்.

அப்புறம் சைக்கிள். நம் பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைக்கிளில் வருகிறார்கள். சோளகம் வீசும் மாதங்களில் நாவற்குழி வெளியால் வரும் பிள்ளை ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் சட்டையையும் பிடித்துக்கொண்டு மிதிக்கிறாள். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கையை உடுப்பு எடுத்துக்கொள்கிறது. சட்டை விளிம்பு செயினில் மாட்டிக் கிழிந்ததும் விழுந்து முழங்கை உரஞ்சியதும் எத்தனை வீட்டில் நடந்திருக்கும்? முதல் பதிலில் சொன்ன இரண்டாவது கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். இந்த உடுப்பு மறிப்பது பிள்ளையின் பாதுகாப்பான பயணத்தை.

இரட்டைப் பின்னல் எண்டா ஒழுங்கா இருக்கும். அதையும் பிழை எண்டு சொல்லுவியளோ?

தலைமுடியைக் கட்டி வரச் சொல்வது சரி. ஆய்வுகூடத்தில் பன்சன் சுடர், விளையாட்டு, பேன் தொல்லை என்று நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஒற்றைப் பின்னலும் இந்த வேலையைச் செய்யும், குதிரைவால் கட்டும் செய்யும். இரண்டாகப் பிரித்து, பின்னி, மடித்து, இரண்டு காதுக்கும் ஒரே உயரத்தில் ரிப்பன் பூ வரக் கட்டுவது அழகுக்கான வேலை. ஆறு மணிக்கு ரியூசன் இருக்கும் வீட்டில் அந்த வேலைக்காகத் தாயும் மகளும் அரை மணித்தியாலம் முந்தி எழும்புகிறார்கள். மகன் தலையில் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு போய்விடுவான். இந்த நேரக் கணக்கை எந்தக் கூட்டத்திலும் யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

அப்ப பெடியங்களுக்கு ஒரு அநியாயமும் இல்லையோ? என்ர மகன் அழுதுகொண்டு வந்தவன்.

இருக்கிறது. அது வேறு விதமானது. பெண்பிள்ளையைக் கூச்சப்படுத்துகிறார்கள், ஆண்பிள்ளையை அவமானப்படுத்துகிறார்கள். காலைப் பிரார்த்தனையில் எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டுக் கத்தரிக்கோலால் தலையில் ஒரு வெட்டு வெட்டி, அந்தக் கோலத்திலேயே நாள் முழுக்க வகுப்பில் இருக்கவிடுவது இன்னும் நடக்கிறது. சலூனுக்குப் போய் மொட்டை அடித்தால்தான் அந்தப் பிள்ளை அடுத்த நாள் தலையைக் காட்டலாம். ஐயப்பனுக்கு மாலை போட்ட உயர்தர மாணவனையும், தகப்பனுக்குக் கொள்ளி வைத்து, முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடியாத பிள்ளையையும் தாடிக்காகத் திருப்பி அனுப்பியதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். விசாரித்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அடிப்பதற்கு எந்த ஆசிரியருக்கும் அனுமதி இல்லை. உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 12/2016 இலக்கச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. தலைமுடி நீளமாக இருந்தால் வீட்டுக்கு அறிவியுங்கள், ஒரு தவணை கொடுங்கள். பிள்ளையின் உடம்பில் கை வைக்க வேண்டாம். ‘ஆம்பிளைப் பிள்ளைதானே, தாங்குவான்’ என்று சொல்வதும் ஆண் பெண் பாகுபாடுதான்.

பெட்டையளின்ர உடுப்புச் சரியில்லாட்டிப் பெடியங்களுக்குப் படிப்பில கவனம் போயிடும் எண்டு சேர் சொல்லுறார். அது சரிதானே?

எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியாத காரணம் இது. யாழ்ப்பாணத்தின் பெரிய பாடசாலைகள் பல பெண்கள் மட்டும் படிப்பவை. அங்கே கவனம் கலைவதற்குப் பையன்களே இல்லை. ஆனாலும் சட்டையின் நீளம் முழங்காலுக்கு எத்தனை விரல் கீழே என்று பார்ப்பது அங்கேதான் இன்னும் கடுமை. ஆகவே பையன்களின் கவனம் என்பது சொல்லிக்கொள்ளும் காரணம் மட்டும்தான்.

கலவன் பாடசாலையை எடுத்தாலும், ஒருவனின் பார்வைக்குப் பொறுப்பை இன்னொருத்தியின் சட்டையில் கட்டிவிடுகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ‘உன்னைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கெட்ட எண்ணம் வரும்’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். அவளுக்கு அது வாழ்நாள் பாரம். அவனுக்கு அது வாழ்நாள் சாட்டு. ரியூசன் ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிளில் நின்று சேட்டை விடுகிறவர்கள், முழங்காலுக்குக் கீழே சட்டையும் ரிப்பனும் ரையுமாகப் போகும் பிள்ளைகளைத்தான் மறிக்கிறார்கள். உடுப்பு அங்கே எந்தப் பிள்ளையையும் காப்பாற்றவில்லை.

உள்சட்டை போட்டிருக்கினமோ எண்டு பாக்கத்தானே வேணும்? வெள்ளை எல்லே.

துணி மெல்லிசு என்றால் பிள்ளைகள் தாங்களாகவே போட்டு வருவார்கள். போடச் சொல்வதில் பிழை இல்லை. பார்க்கும் விதத்தில்தான் பிழை. வரிசையில் நிறுத்தித் தோளில் தட்டிப் பார்ப்பதும், மாணவத் தலைவிகளை விட்டுப் பரிசோதிப்பதும், ஆண் ஆசிரியர் நிற்கும் இடத்தில் ‘நீ ஏன் போடவில்லை’ என்று சத்தமாகக் கேட்பதும் கூடவே கூடாது. சந்தேகம் என்றால் ஒரு பெண் ஆசிரியர், தனியாக, மெதுவாகக் கேட்டால் போதும். சில வீடுகளில் இரண்டு உள்சட்டைதான் இருக்கும், மாரி காலத்தில் ஒன்றும் காயாது. அதை எல்லாருக்கும் முன்னால் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது.

விளையாட்டுக்கு மட்டும் காற்சட்டை போடலாம், வகுப்புக்குப் போடக்கூடாது. இது என்ன கதை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு தாத்தா. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் பேத்தி ஓடியதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். தெல்லிப்பழை மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனை படைத்தபோது ஊரே கொண்டாடியது. சட்டையோடு அந்தக் கம்பத்தின் மேலால் பாய முடியாது என்பது எல்லாருக்கும் விளங்கும். மைதானத்தில் மானம் போகாத உடுப்பு இடைவேளைக்கு மட்டும் எப்படி மானத்தைக் கெடுக்கும்? இடைவேளையில் பையன்கள் மைதானம் முழுக்க ஓடுவதும் பெண்பிள்ளைகள் மதிலோரம் கூடி நின்று கதைப்பதும் ‘இயல்பு’ என்கிறோம். சட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள், இயல்பா இல்லையா என்று.

ரீச்சர்மாருக்கே சாறிதான் எண்டு இருக்கேக்க, பிள்ளையளுக்கு மட்டும் எப்பிடி மாத்துறது?

2022 இல் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது அரச ஊழியர்கள் வசதியான, பொருத்தமான உடையில் வரலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அதை வைத்து அந்த நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் பாடசாலைக்குப் போனார்கள். ஆசிரியைகளுக்குச் சேலைதான் என்று கல்வி அமைச்சு சொல்லிவிட்டது. ஆண் ஆசிரியர்கள் வேட்டியில்தான் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வளர்ந்த, சம்பளம் வாங்கும் பெண்களுக்கே அதுதான் நிலை என்பதால்தான் பிள்ளைகள் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

முஸ்லிம் பிள்ளையளுக்கு வேற மாதிரி யூனிபோம் இருக்கே. அப்ப எல்லாருக்கும் ஒரே விதி எண்டது பொய்யோ?

அது பொய்யல்ல, அதுதான் வழி. முஸ்லிம் மாணவிகள் நீளக்காற்சட்டையும் தலைமறைப்புமாக அதே வெள்ளையில் வருகிறார்கள். அரசாங்கமே அதற்கேற்ற அளவில் துணி கொடுக்கிறது. ஒரே நிறத்துக்குள் வேறு வேறு வடிவம் இருக்கலாம், ஒழுங்கு குலையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 1990 இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்கள். அவர்களின் உடுப்பைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

அவர்களுக்கும் பாரம் இல்லாமல் இல்லை. 2024 இல் திருகோணமலையில் 70 முஸ்லிம் மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகளை, பரீட்சை மண்டபத்தில் தலைமறைப்பால் காதை மூடியிருந்தார்கள் என்று சொல்லி நிறுத்தி வைத்தார்கள். பிறகுதான் விட்டார்கள். பையன் ஒருவனின் உடுப்புக்காக அவனுடைய பெறுபேறு நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

ரெண்டு பேருக்கும் ஒரே சேட், ஒரே நீளக்காற்சட்டை குடுத்தாப் பிரச்சினை முடிஞ்சுதுதானே?

கேரளத்தில் அப்படிச் செய்திருக்கிறார்கள். 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டத்து பாலுசேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மாணவிகளுக்கும் சேட்டும் நீளக்காற்சட்டையும் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் சந்தோசப்பட்டார்கள், சில அமைப்புகள் எதிர்த்து ஊர்வலம் போயின. நல்ல முயற்சிதான். ஆனால் எல்லாரும் பையனின் உடுப்புக்கு மாறினால்தான் சமம் என்று வைத்துக்கொள்வதில் எனக்குச் சின்ன நெருடல் உண்டு. சட்டை பிடித்த பிள்ளையை ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்?

நான் கேட்பது தெரிவு. சட்டை, அல்லது சேட்டும் நீளக்காற்சட்டையும், அல்லது சல்வார். மூன்றும் ஒரே நிறத்தில். பையனுக்கும் பதினைந்து வயதில் அரைக்காற்சட்டையா நீளமா என்று அவனே தீர்மானிக்கட்டும். 2017 இல் இங்கிலாந்தின் எக்சிற்றர் நகரத்தில் ஒரு பாடசாலை கடும் வெயிலிலும் பையன்களுக்கு அரைக்காற்சட்டை தர மறுத்தது. பையன்கள் விதியில் இருந்த பாவாடையைப் போட்டுக்கொண்டு போனார்கள்! இங்கே சித்திரை வெயிலில் கழுத்தை இறுக்கும் ரையைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அது இருவருக்கும் சமமான அநியாயம், கழற்றிவிடலாம்.

எங்கட கலாசாரம் என்ன ஆகும்?

சுருக்கு வைத்த வெள்ளைச் சட்டையும் ரையும் சப்பாத்தும் வெள்ளைக்காரரோடு வந்தவை. 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியபோது, பெண்பிள்ளை படிப்பதே கலாசாரத்துக்குக் கேடு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இன்று அவர்களின் கொள்ளுப் பேத்திகள் டொக்டர், எஞ்சினியர்.

2016 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஒரு அறிவித்தல் போட்டார்கள். ஜீன்ஸ், ரீசேட் கூடாது, வெள்ளிக்கிழமை மாணவிகள் சேலை, மாணவர்களுக்குத் தாடி கூடாது. பெரிய விவாதம் எழுந்தது. கலாசாரத்தின் பெயரால் பேசும்போதெல்லாம் அதைச் சுமக்கும் வேலை மட்டும் எப்படிப் பெண்ணின் உடம்புக்கே வந்து சேருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். மாணவர்கள் வெள்ளிக்கிழமை வேட்டியில் வர வேண்டும் என்று அந்த அறிவித்தலில் இருக்கவில்லை.

சட்டத்தில இதுக்கு இடமிருக்கோ?

இருக்கிறது. அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவற்றின் அடிப்படையில் எந்தப் பிரஜைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பெண்களினதும் பிள்ளைகளினதும் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்ய 12(4) இடம் தருகிறது. சிலர் இதைக் காட்டி ‘பெண்களுக்குத் தனி விதி போடலாம்’ என்பார்கள். முன்னேற்றத்துக்கு என்றுதான் அதில் இருக்கிறது, மறிப்பதற்கு அல்ல. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமும் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும், பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் கௌரவத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பாடசாலை பெண்பிள்ளைகளுக்குப் பாவாடை கட்டாயம் என்றது. 2022 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்த்தது. பாவாடையால் ஓடி விளையாட முடியவில்லை, நிலத்தில் சுதந்திரமாக இருக்க முடியவில்லை என்று அங்கே பிள்ளைகள் சொன்னவை நம் பிள்ளைகள் சொல்வதேதான். அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. நியாயம் பொருந்தும்.

போய்க் கதைச்சாப் பிள்ளையைப் பழிவாங்க மாட்டினமோ?

இந்தப் பயம் நியாயமானது, அதனால் தனியாகப் போகாதீர்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து, ஒரே ஒரு விதியைப் பற்றி மட்டும், எழுத்தில் கொடுங்கள். ‘சைக்கிளில் வரும் மாணவிகள் நீளக்காற்சட்டை அணிய அனுமதி’ என்று தொடங்குவது நல்லது. பாதுகாப்பு என்று வரும்போது எந்த அதிபரும் எளிதில் மறுக்க மாட்டார். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லுங்கள், கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். எங்கள் சங்கத்தில் முதலில் முறைத்துப் பார்த்தவர்கள் ரீச்சர்மார் அல்ல, பழைய மாணவிகள்தான். ‘நாங்கள் போட்டோமே’ என்றார்கள். அவர்களோடு பொறுமையாகக் கதையுங்கள்.

பாடசாலையில் சரிவராவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்கும், மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் எழுதலாம். பிள்ளையை அடித்தாலோ, உடம்பில் கை வைத்தாலோ, தலைமுடியை வெட்டினாலோ காத்திருக்க வேண்டாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பாகுபாடு என்று முறையிட மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போக யோசித்தால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே திகதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.